வாசித்துக் காட்டிய புத்தகம்

ஷீலா மேடத்தின் செய்தி வந்தபோது டெல்பின் யாரோ ஒரு பெரியவரின் முழங்கால் ஆபரேஷன் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, அதில் க்ளெய்ம் செக்‌ஷன். யார் எந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

‘டிசம்பர் கூட்டம் நம்ம வீட்டில். எல்லாரும் வாசிப்புச் சவால் அட்டையோடு வரவும். வீட்டில் ஒருவருக்கு முழுப் புத்தகம் வாசித்துக் காட்டியவர்கள், வழக்கம்போல, கேட்டவரையும் அழைத்து வரவேண்டும். அவர் நாலு வார்த்தை பேசினால்தான் அந்தக் கட்டத்துக்கு நட்சத்திரம். ஃபில்டர் காபி உண்டு.’

டெல்பின் செய்தியை இரண்டாம் தரம் படித்தாள். அப்படியொரு வழக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் வாசகர் வட்டத்தில் சேர்ந்த பிறகு ஒருத்தரும் அந்தக் கட்டத்தைத் தொட்டதில்லை. தொட்டவள் இவள் ஒருத்திதான். அதுவும் போன மாசமே ‘முடித்துவிட்டேன், அப்பாவுக்கு’ என்று குழுவில் போட்டு, முப்பது கைதட்டல் வாங்கியாகிவிட்டது.

வாசகர் வட்டம் மந்தைவெளியில் ஷீலா மேடம் வீட்டு ஹாலில் கூடும். மேடம் பாங்கில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். வடக்கு மாட வீதியிலிருந்து ருக்மாங்கதன் சார் வேட்டியும் கைத்தடியுமாக வருவார். அடையாறிலிருந்து ஆயத் வருவாள், ஆர்க்கிடெக்ட். வருஷா வருஷம் வாசிப்புச் சவாலுக்கு அட்டை வடிவமைப்பது அவள்தான். மீதிப் பேரும் அதே தினுசு. வாயைத் திறந்தால், “எங்க வீட்டு அலமாரியில சின்ன வயசுல…” என்றுதான் ஆரம்பிப்பார்கள். டெல்பின் வீட்டில் அலமாரி இருந்தது. அதில் பாத்திரம் இருந்தது. அச்சடித்த காகிதம் என்றால் பைபிள், ஞானப்பாட்டுப் புத்தகம், கேஸ் சிலிண்டர் புத்தகம், அவ்வளவுதான். அந்த வம்சத்திலேயே காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவள். அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவளாகவே ஒவ்வொரு மாசமும் அந்த ஹாலில் நுழையும்போது ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒரு கோபத்தோடு போய் உட்காருவாள்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அடுத்த மாசத்துக்கு எந்தப் புத்தகம் என்று பேச்சு வரும்போதெல்லாம் அவள் ஒன்றைச் சொல்வாள். “பார்க்கலாம்மா” என்பார் ஷீலா மேடம், அவ்வளவு அன்பாக. பிறகு ருக்மாங்கதன் சார் சொன்னது நடக்கும். ஆனால் வட்டத்தில் ஒரு விதி உண்டு. அட்டையில் இருபத்தைந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு விதமான புத்தகம்; வருஷ முடிவுக்குள் எல்லாவற்றையும் நிரப்புகிறவர், வருகிற வருஷத்தின் முதல் ஆறு புத்தகங்களைச் சொல்லலாம். ஓட்டெடுப்பு கிடையாது, ‘பார்க்கலாம்மா’ கிடையாது. இந்த வருஷம் அது தன்னுடையது என்று ஜனவரியிலேயே டெல்பின் தீர்மானித்துவிட்டாள்.

க்ளெய்ம் தீர்ப்பது மாதிரித்தான் அவள் கட்டங்களைத் தீர்த்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு, சாப்பாட்டு நேரத்தில், அம்மா ஃப்ளோரன்ஸ் கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால் கடை வாசலில். எத்தனை பக்கம் ஓடியது என்று போனில் ஒரு செயலி பச்சைக் கோடாகக் காட்டும். கோடு வளராத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. ‘ஒரே நாளில் முடித்த புத்தகம்’ என்ற கட்டத்துக்கு ஒல்லியாக ஒன்றைத் தேடி, பெரிய வெள்ளிக்கிழமையன்று முடித்தாள். ஜூலையில் படித்த நாவலில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டால் அட்டை நீல நிறம் என்று வேண்டுமானால் சொல்வாள்.

வாசித்துக் காட்டும் கட்டத்தைக் கடைசிவரை தள்ளிப்போட்டிருந்தாள். அக்டோபர் மழையில்தான் அப்பாவைப் பிடித்தாள்.

காஸ்பர் கோடம்பாக்கத்து லைட்மேன். ஸ்டுடியோ செட்டுகளில் உயரத்தில் பலகை மேல் உட்கார்ந்து விளக்குத் திருப்பியே காலம் தள்ளியவர். சர்க்கரை கண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். வாசலில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. நாள் முழுக்க டிவியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“அப்பா, உனக்கு ஒரு கதை படிக்கிறேன். பெரிய கதை.”

“இன்னாடி திடீர்னு. ஆபீஸ்ல வேலைய வுட்டுத் தூக்கிட்டானுங்களா?”

“கேக்குறியா இல்லியா?”

“படி, படி. டிவில அழுதுக்கினே கீறாளுங்க. அத்த நிறுத்து மொதல்ல.”

நாவல் ஒரு ரயில்வே ஜங்ஷன் ஊரில் நடந்தது. பவுனு என்று ஒருத்தி. புருஷன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிப் போய்விடுகிறான். கைக்குழந்தையோடு நிற்கிறவள் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மெஸ் போடுகிறாள். காஸ்பர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, பனியனோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“இரு. அவன் போறானே, அது நைட்டா பகலா?”

“சாயங்காலம்னு போட்டிருக்குப்பா.”

“சாயங்காலமா? அப்ப சீக்கிரம் படி. வெளிச்சம் போச்சுன்னா நாளைக்குத்தான்.”

இப்படி ஒவ்வொரு சீனுக்கும் விளக்குப் போட்டுவிட்டுத்தான் மேலே போக விடுவார். அடுப்படிக்கு ஒரு சின்ன லைட் போதும் என்பார். அந்த மாமியார்க்காரிக்குக் கீழேயிருந்து அடி, பேய் மாதிரி தெரியட்டும் என்பார். டெல்பின் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பக்க எண்ணைப் பார்க்காமல் படித்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

“எனக்கு எந்தக் கதையும் முழுசா தெரியாதும்மா. கல்யாணத்த மொதல்ல எடுப்பானுங்க. லவ்வ அப்பால எடுப்பானுங்க. சாவு சீனு எடுத்துட்டு, மத்தியானம் அவனே டூயட்டு ஆடுவான். தியேட்டர்ல போய்ப் பார்த்தா நான் போட்ட லைட்டுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு கதைய மொதல்லருந்து வரிசையா கேக்குறது இதான் மொத தபா.”

இதைக் கேட்ட பிறகும் அவள் அதைச் செய்தாள். அதுதான் பிற்பாடு அவளை அறுத்தது. தெரியாமல் செய்திருந்தால் வேறு.

நவம்பரில் ஆபீசில் வேலை குவிந்தது. இன்னும் ஆறு கட்டம் காலி. புத்தகமோ செங்கல் கனம். ஒவ்வொரு அறைக்கும் விளக்குப் போட்டுக்கொண்டு போனால் பொங்கல் வந்துவிடும். ஒரு சாயங்காலம், அப்பா தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்த நேரத்தில், டெல்பின் ஒரு பத்துப் பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. கதை ஒட்டிக்கொண்டு ஓடியது. மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கு அடுத்த வாரம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொள்ளுகிற மட்டும் ஒரே பிடியாகப் பிடித்துத் தள்ளினாள். வட்டத்தில் பக்கம் தாண்டிப் படிப்பதை ‘மேய்வது’ என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கண் தெரியாத மனுஷனுக்கு முன்னால் உட்கார்ந்து தாண்டுவதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி அத்தியாயத்தில் பவுனு மெஸ்ஸை மூடிப் பூட்டுவதற்கு முன் சுவரில் இருந்த புருஷன் படத்தைக் கழற்றி, காய்ந்த மாலையை எடுத்துப்போட்டுவிட்டு, சேலையில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறாள்.

“மாலையா?” என்றார் காஸ்பர். “அவன் எப்ப செத்தான்?”

டெல்பின் விரலைப் பக்கத்துக்குள் விட்டுப் புத்தகத்தை மூடினாள். “நடுவுல வந்துச்சேப்பா. எங்கியோ ஊர்ல செத்துட்டான்னு. ஒரு வரிதான்.”

“ஒரு வரியா.”

“ஆமாம்பா. நீ கவனிக்கல போல.”

“இருக்கும்” என்றார். பிறகு, “அவன் மறுபடி ஒரு தபா வருவான்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார்.

படித்து முடித்தபோது, “நல்லா கீது” என்றார். “அந்தப் புக்கு இங்கயே கெடக்கட்டும்மா. கையில வெச்சிக்கினா ஒரு மாதிரி நல்லா கீது.” வட்டத்துப் பிரதிதான், டிசம்பரில் திருப்பிக் கொடுத்தால் போதும். ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, அன்றைக்கே அட்டையில் கட்டத்தை நிரப்பினாள். நீல மையில், அழகாக.

அதிலிருந்து அப்பாவின் எதிரில் சாப்பிட உட்காருவதே கஷ்டமாகிவிட்டது. அவர் வழக்கம்போலத்தான் இருந்தார். அவளைக் குத்த அதுவே போதுமானதாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனாள். வரிசையில் நின்றாள். உள்ளே போய் என்ன சொல்வது? ‘ஃபாதர், அப்பாவுக்குக் கதை படிச்சேன், நடுவுல பக்கத்தத் தள்ளிட்டேன்.’ சிரிப்பார். மூன்று தரம் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிவிட்டுப் போகச் சொல்வார். அத்தனை மலிவாக அது கழிந்துபோவதில் அவளுக்கு இஷ்டமில்லை. முறை வருவதற்குள் வரிசையை விட்டு வந்துவிட்டாள்.

இப்போது இந்தச் செய்தி. கேட்டவர் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும்.

‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று டைப் செய்து அழித்தாள். சர்க்கரைக்காரரை வைத்து அப்படி எழுதக் கை வரவில்லை. சாயங்காலம் வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஷீலா மேடம் போன் செய்தார். “அப்பாகிட்ட குடும்மா, நானே கூப்பிடறேன், அதுதான் மரியாதை.”

காஸ்பர் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மைக்கில் பேசுகிறவர் மாதிரிப் பேசினார். “வர்றேம்மா. இன்னா இப்ப, வராம. எங்க மந்தைவெளியா? பஸ் டெப்போவாண்டதானே, தெரியும்.”

சனிக்கிழமை ஃப்ளோரன்ஸ் அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள். டெல்பின் மெதுவாக ஆரம்பித்தாள்.

“அப்பா, அங்க யாராவது ஏதாவது கேட்டா, பொதுவா நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடு. போதும்.”

“ஏன், ஃபெயில் ஆயிடுவேன்னு பாக்குறியா?”

“அதுக்கில்லப்பா.”

“பின்ன?”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஃப்ளோரன்ஸ் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னாடி மூஞ்சி இப்படி கீது, சுரமா?” என்றாள். டெல்பின், இல்லை என்று எழுந்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் சொல்லலாம் என்றிருந்தாள். ஆட்டோக்காரர் தேனாம்பேட்டை தொடங்கி லஸ் வரைக்கும் மெட்ரோ தோண்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். காஸ்பரும் கூடச் சேர்ந்து திட்டினார். லஸ் வந்தது, மந்தைவெளி வந்தது, ஷீலா மேடம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியும் ஆயிற்று.

அவரை ஜன்னல் ஓரமாக, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். காபி டம்ளரை ஆயத் அவர் கைக்குள் வைத்து விரலை மூடிவிட்டாள். அட்டைகள் மேஜையில் பரப்பப்பட்டன. இந்த வருஷம் எல்லாக் கட்டமும் நிரப்பியது ஒரே ஒருத்திதான் என்றார் ஷீலா மேடம். எல்லாரும் கைதட்டினார்கள். டெல்பின் தரையின் மொசைக் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நீங்க ரெண்டு வார்த்தை” என்றார் மேடம்.

“நல்லா இருந்திச்சும்மா” என்றார் காஸ்பர். “ரொம்ப நல்லா இருந்திச்சு.”

டெல்பினுக்கு மூச்சு வந்தது. சொன்னபடியே சொல்லிவிட்டார். ஷீலா மேடம் நட்சத்திர ஸ்டிக்கரைக் கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் ருக்மாங்கதன் சார் கைத்தடியை நகர்த்தி வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“நான் ஒண்ணு கேக்கலாமோல்லியோ? இந்தப் புஸ்தகம் எங்காத்துல ரெண்டு தரம் வாசிச்சாச்சு. அந்தச் சாப்பாட்டு அத்தியாயம் இருக்கே, நடுவுல, அதைப் பொண்ணு வாசிக்கறச்சே உங்களுக்கு எப்படி இருந்தது? எங்காத்துக்காரி அதைப் படிச்சுண்டே அழுவாள்.”

“ஐயோ, அந்த அத்தியாயம்” என்றாள் ஆயத். ஹால் முழுக்க ஒரு முனகல் போயிற்று.

ஒரே பிடியாகப் பிடித்துத் தள்ளினாளே, அதற்குள் இருந்தது அந்த அத்தியாயம். டெல்பினே அதைப் பஸ்ஸில் மேலோட்டமாகத்தான் பார்த்திருந்தாள். “அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம்…” என்று ஆரம்பித்தாள். அதைவிடக் கேவலமாக ஒன்றை அவள் அந்த வருஷம் செய்யவில்லை. கண் போனவருக்கு ஞாபகத்தையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்தாள்.

காஸ்பர் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். ஆயத் வாங்கிக்கொண்டாள்.

“அதுவா” என்றார். “அவன் வர்றான். அத்தினி வருசம் கழிச்சு. தாடி வெச்சிக்கினு, பையொண்ணு மாட்டிக்கினு, கூட்டத்தோட கூட்டமா வந்து உக்கார்றான். அவ இலைய போட்டுக்கினே வர்றா. மூஞ்ச பாக்கல. கைய பாக்குறா, கைல அந்தத் தழும்பு. நிக்கல அவ. அடுத்த இலைக்குப் போயிட்டா. எல்லாருக்கும் ஊத்துற மாதிரிதான் ரசம் ஊத்துறா. ஆனா அவனுக்கு மட்டும் ரெண்டாவது தபா, கேக்காமயே ஊத்துறா. அங்கதான் அவனுக்குத் தெரிஞ்சிபோச்சு. அவன் தலைய தூக்கல. சாப்ட்டு எழுந்திருக்கிறான். ‘கை கழுவ அந்தாண்ட’ன்றா. அவ்ளோதான். ரயிலுக்கு வந்த ஆளுங்ககிட்ட சொல்ற மாதிரி.”

டெல்பின் தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். இது அவள் படித்துக் காட்டாதது. ஒரு வரிகூட.

“அப்புறம் டெய்லி வர்றான்” என்றார் காஸ்பர். “பக்கத்துல எங்கியோ மூட்ட தூக்கிக்கினு கீறான் போல. வருவான், துன்னுட்டுப் போவான். ஒரு வார்த்த பேசிக்கல ரெண்டு பேரும். ஒரு நாள் வரல. இவ இலைய போட்டு வெச்சிட்டு, ஈ ஓட்டிக்கினு நிக்கிறா. கடைய மூடுற வரைக்கும். அந்த இலைய வேற ஆளுக்குக் குடுக்கல.” ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: “அந்தச் சாவ எல்லாம் போயி ஒரு வரில சொல்லிற முடியுமா.”

ஷீலா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டெல்பின் எப்படி வாசிச்சிருக்கா பாருங்க” என்றார். அவரே நட்சத்திரத்தை ஒட்டி, அட்டையை டெல்பின் கையில் கொடுத்தார். “சொல்லும்மா, ஜனவரிக்கு எந்தப் புத்தகம்? இனிமே உன் ராஜ்ஜியம்.”

ஆறு பெயரும் அவளுக்கு மனப்பாடம். பஸ்ஸில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், ருக்மாங்கதன் சார் முகம் போகிற போக்கையும் சேர்த்து.

“யோசிச்சு சொல்றேன் மேடம்” என்றாள்.

திரும்பும்போது ஆட்டோ பனகல் பார்க் தாண்டி, துரைசாமி சப்வேக்கு முன்னால் நெரிசலில் நின்றபோது கேட்டாள்:

“யாருப்பா படிச்சது?”

“பாய்.”

“எந்த பாய்?”

“நமக்கு எத்தினி பாயி. மெஹபூப்தான்.”

மெஹபூப் அலி ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டியவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். டெல்பின் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியிலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டு போனவர்.

“மாமாவுக்குத் தமிழ் படிக்க வருமா?”

“எழுத்துக் கூட்டிப் படிப்பான். போஸ்டர் பாத்துக் கத்துக்கினதுதான. ஒரு பக்கத்துக்கு ரெண்டு டீ ஆவும். ‘இன்னா நைனா, இவ்ளோ எழுத்து எழுதி வெச்சிருக்கான், கைவலி வராதா இவனுக்கு’ன்னு கேக்குறான்.”

“எப்ப தெரிஞ்சிது உனக்கு?”

“மாலை வந்திச்சே, அப்ப.”

“என்னைக் கேட்டிருக்கலாமில்லப்பா.”

“கேட்டேனே. நீ ஒரு வரின்னே.”

வண்டி நகர்ந்து சப்வேக்குள் இறங்கியது. உள்ளே போனதும் காஸ்பர் தலையைச் சற்று நிமிர்த்தினார். இருட்டு வந்தது அவருக்குத் தெரியும்.

“திட்டியிருக்கணும் நீ” என்றாள்.

“இன்னாத்த திட்றது. டைம் இல்லன்னா சீன வெட்டுவாங்க. மேல உக்காந்துக்கினு கீற லைட்மேன் எறங்கி வந்து ஏன்னு கேக்குறதா?”

“நான் டைரக்டரு இல்லப்பா.”

கோபமாக இருக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது. அதைப் பார்த்ததில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் பாய்ந்தாள். “உனக்கும் தெரியும். நீயும் சொல்லல.”

“எனக்கு இன்னாடி தெரியும்? பாய் வந்தா டீ போட்டேன். ரெண்டு கெழவனுங்களும் வாசல்ல சேர போட்டுக்கினு ஒரு நாள் அழுதுக்கினு இருந்தானுங்க. எதிர்வூட்டு ஜமீலுன்னிசா ஓடியாந்து யாரு செத்தாங்கன்றா. நான் இன்னான்னு சொல்றது? இட்லிக்கடக்காரியோட புருசன்னேன்.”

அன்றைக்குச் சாயங்காலமே டெல்பின் குழுவில் எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. ‘அப்பாவுக்குப் புத்தகத்தின் பாதியைத்தான் நான் வாசித்தேன். கட்டத்தை நிரப்பப் பக்கங்களைத் தள்ளினேன். சாப்பாட்டு அத்தியாயம் உட்பட, நான் தள்ளியதையெல்லாம் வாசித்தது அவருடைய நண்பர் மெஹபூப் அலி. அந்த நட்சத்திரம் எனக்கு வேண்டாம், புத்தகம் தேர்ந்தெடுக்கிற உரிமையும் வேண்டாம்.’

அனுப்பிவிட்டு, வரப்போகிறதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் ஆயத்திடமிருந்து ஐந்து இதயம். ‘அழுதுட்டேன் டெல்பின்.’ பிறகு ருக்மாங்கதன் சார்: ‘இரண்டு சிநேகிதாள் சேர்ந்து வாசித்தது அதைக் காட்டிலும் ஒசத்தி.’ கடைசியில் ஷீலா மேடம்: ‘விதிப்படி கேட்டவர் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கிறார். நட்சத்திரம் செல்லும். எவ்வளவு நேர்மையான பெண்!’

டெல்பின் போனைக் கட்டிலில் வீசினாள். பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனுக்கு மாலை போட்டு அனுப்புகிற செக்‌ஷன் உலகத்தில் எங்காவது உண்டா? இவர்கள் திட்டினால் கணக்கு இங்கேயே முடிந்திருக்கும். இப்போது முழுசாக அவள் தலையிலேயே நின்றது. ஆறு பெயரை அனுப்பச் சொல்லி மேடம் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ‘ருக்மாங்கதன் சார் சொல்லட்டும்’ என்று எழுதிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் அப்பாவிடம் போனாள்.

“வேற ஒரு கதை படிக்கிறேன்பா. முழுசா. எத்தனை மாசம் ஆனாலும் சரி.”

“பாயும் நானும் ஒண்ணு ஆரம்பிச்சிட்டோமேம்மா.”

“எது?”

“அவன் மருமவ குடுத்தாளாம். தீவுல நடக்குற கத. ஒரே வெயிலு.”

“அதையே நான் படிக்கிறேனே. மாமாவுக்குக் கண்ணு வலிக்கப் போவுது.”

“அவனுக்கு இன்னா கண்ணு வலி. அவன்கிட்டேருந்து புடுங்கினா கோச்சிக்குவான்.” காஸ்பர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “நீ வேணும்னா வந்து உக்காரு. எடுத்துக் குடுக்காத நடுவுல. மொறச்சிக்கினு போய்டுவான்.”

மெஹபூப் அலி நாலு மணிக்கு வந்தார். மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தார். இவளைப் பார்த்ததும், “இன்னாம்மா பேட்டி, செக் பண்ண வந்துக்கிறியா?” என்றார்.

“இல்ல மாமா, கேக்க வந்தேன்.”

“கேளு, கேளு. சும்மா ‘உச்’ கொட்டக்கூடாது.”

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் படியில் உட்கார்ந்தாள். மெஹபூப் அலி புத்தகத்தை மடியில் விரித்து, விரலை வரியின் கீழே வைத்து, உதட்டைக் குவித்துக்கொண்டு ஆரம்பித்தார். “பட… படகு… தி… திரும்…” விரல் நின்றது. காஸ்பர் காத்திருந்தார். தெருவில் ஒரு பால் வண்டி போயிற்று. “திரும்பவில்லை” என்றார் மெஹபூப் அலி, பெருமூச்சோடு.

“திரும்பலயா?” என்றார் காஸ்பர்.

“இரு நைனா. அவசரப்படாத.”

படியிலிருந்து பார்த்தால் டெல்பினுக்குப் பக்கம் முழுதும் தெரிந்தது. அவளுடைய கண் பழக்கத்தில் ஒரே தாவலில் கீழ்வரிக்குப் போய்விட்டது. படகில் போனவன் என்ன ஆனான் என்று அடுத்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பாவுக்குத் தெரிய இன்னும் அரைமணி நேரம் ஆகும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு போய், பக்கம் தெரியாத அந்தப் பக்கமாக, அப்பாவின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

மெஹபூப் அலியின் விரல் அடுத்த வார்த்தையைத் தேடி எடுத்தது.

“பகலா நைட்டா பாய்?” என்றார் காஸ்பர்.

“இன்னும் சொல்லல நைனா.”